கருப்புத் திராட்சை வாடை

ஹெப்பகோடி மெட்ரோ ஸ்டேஷன் படியிறங்கினால் தள்ளுவண்டிகளில் விதையில்லாப் பச்சைத் திராட்சைதான் குவிந்திருக்கும், பளபளப்பாக, வாசனையே இல்லாமல். எப்போதாவது ஓரமாக ஒரு கூடை பெங்களூர் நீலம் என்கிற கருப்புத் திராட்சை வந்துவிட்டால், வெயிலில் நாலு பழம் வெடித்திருந்தாலே போதும், அந்தக் கனத்த, லேசாகப் புளித்த இனிப்பு வாடை பஸ் புகையைத் தாண்டி வந்து, காக்ஸ் டவுன் வீட்டில் ஆயாவின் கட்டிலடிக்கு இழுத்துப்போய்விடும்.

ஆயா கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவாள். ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய கருப்புத் திராட்சையைக் காம்பு கிள்ளி, துணியால் ஒற்றி, கையாலேயே பிசைந்து, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டு, பழைய வேட்டித் துணியால் வாய்கட்டி இருட்டில் தள்ளிவிடுவாள்; தினமும் சாயங்கால ஜெபம் முடிந்ததும் துணியவிழ்த்து, மரக்கரண்டியால் கிளறி, நுரை பொரிவதைக் காதுவைத்துக் கேட்பாள், நாங்கள் கிட்டே போனால், "ஈரக் கை பட்டா வினிகராயிடும்டா" என்பாள்.

தாத்தாவுக்குச் சொந்த ஊர் ஓசூர். 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டுவந்தபோது ஓசூரும் அதில் சேர்ந்திருந்தது, அதனாலோ என்னவோ ஆயாவின் ஜாடியை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். லீவில் என்னை அங்கே இடிந்து கிடந்த கெனில்வொர்த் கோட்டைக்குக் கூட்டிப்போவார், வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் தன் மனைவிக்காக, இங்கிலாந்தின் கெனில்வொர்த் மாதிரியில் கட்டியது என்பார். உண்ணிச்செடி மண்டிய சுவரடியில் ஆடுகள் மேயும், தாத்தா பொடிமட்டையைத் தட்டிக்கொண்டு, இந்தக் கல்லெல்லாம் யார் யார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனது என்று பேர் பேராகச் சொல்லுவார்.

மகள் கலிபோர்னியாவில் நாபா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனபோது, காலிஸ்டோகா பக்கத்தில் காஸ்டெல்லோ டி அமோரோசா என்ற ஒயின் கோட்டை அகழியும் தூக்குப்பாலமுமாக எழுந்து நின்றது. டாரியோ சத்தூயி என்பவர் பதினான்கு வருஷத்துக்கு மேல் கட்டி 2007இல் திறந்தது, பதின்மூன்றாம் நூற்றாண்டு இத்தாலியப் பாணி, 107 அறைகள், சித்திரவதைக் கூடம்கூட உண்டு; அவருடைய கொள்ளுத்தாத்தா 1885இல் தொடங்கிய ஒயின் தொழிலும் அமெரிக்க மதுவிலக்கில்தான் மூடப்பட்டது என்று மகள் சொன்னாள், எனக்குத் தாத்தாவின் பொடிமட்டைதான் ஞாபகம் வந்தது. நிலவறையில் வரிசை வரிசையாக ஓக் பீப்பாய்கள், ஈரக்கல் குளிர், எல்லார் கையிலும் உயர்த்திப் பிடித்த போன்கள். நான் மூச்சை இழுத்து இழுத்துத் தேடினேன், புளிப்பு இருந்தது, மரவாடை இருந்தது, ஆயாவின் ஜாடி மட்டும் இல்லை.

அது கிடைத்தது மறுநாள், மகள் வீட்டருகே மளிகைக் கடையில், கான்கார்டு என்று எழுதிய ஒரு பெட்டித் திராட்சையில். ஒயின் கோட்டையில் இருப்பது ஐரோப்பியத் திராட்சை ஜாதி; கான்கார்டிலும் நம் பெங்களூர் நீலத்திலும் ஓடுவது அமெரிக்கக் காட்டுக்கொடியின் ரத்தம், அந்த வாடையே அங்கிருந்து வந்ததுதான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கி நம்முடையதாகிவிட்ட பழம், கடல் தாண்டி வந்து ஆயா கையில் பிசைபட்டிருக்கிறது என்பது எனக்கு நூற்றேழு அறைகளைவிடப் பெரிதாக இருந்தது, ஓசூர்க் கற்கள் போனதைப் பற்றி இருந்த வருத்தமும் அன்றைக்குக் கொஞ்சம் இளகியது.

போன வாரம் மகள் போனில் அளவு கேட்டாள், அவளே ஜாடி வாங்கிவிட்டாளாம். கிலோ பழத்துக்கு அரைக்கிலோ சர்க்கரை, இருபத்தோராம் நாள் வடிகட்டு என்றேன். கோதுமை எதற்கு என்றாள். ஆயா போட்டாள், நீயும் போடு என்று சொல்லியிருக்கிறேன்.