நிரை விடாத சீப்பு

எங்கள் வீட்டு நாய் கோல்டன் ரிட்ரீவர். வெள்ளவத்தை மாடி வீட்டில் அதன் முடி ஒட்டாத இடம் கிடையாது. சோற்றுத் தட்டில், சாமிப் படத்தில், மகளின் பள்ளிச் சீருடையில் என்று எங்கும் முடி. பொறுக்கமாட்டாமல் ஒரு கடையில் கொடுத்து ஒட்ட வழித்துவிட்டோம். மறுபடி முளைத்தபோது இடுப்பில் திட்டுத் திட்டாகப் பஞ்சு போல் முளைத்தது. கொட்டுவதும் நிற்கவில்லை. என் புலம்பலைக் கேட்ட தலவாக்கலை நண்பர், "நுவரெலியாவுல ஒரு அண்ணன் இருக்காரு. வந்து பாரு. அப்புறம் மெஷினையே தொடமாட்ட" என்றார்.

2025 ஏப்ரல், சீசன் காலம். குதிரைப் பந்தயம், மலர்க்காட்சி என்று ஊரெல்லாம் கொழும்புக் கார்கள். கிரெகரி வாவிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு விடுதியின் பின்வராந்தாவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார் அண்ணன். வயது எழுபது. எதிரே நீள முடி அல்சேஷன் ஒன்று, கண்ணை மூடிக் கிடந்தது.

என் நாயின் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"மேல்முடி மழைக்குப் படங்கு. அடிமுடி குளிருக்குக் கம்பளி. முக்காவாசி கொட்டுறது கம்பளிதான். நீங்க ரெண்டையும் சேத்து வழிச்சிட்டீங்க. படங்கில்லாம மலைக்கு ஆள் அனுப்புவாங்களா தம்பி?"

குளிர்நாட்டுப் புத்தகங்கள் வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை நாய் முடி மாற்றும் என்கின்றன. பகல் நீள்வதும் குறுகுவதும்தான் அதற்குக் கணக்கு. ஏழாம் பாகை வடக்கில் கிடக்கும் நுவரெலியாவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. நாயின் உடம்புக்குக் காலம் பிடிபடுவதில்லை. வருடம் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. "நிப்பாட்ட முடியாது. தரையில விழுறதுக்கு முந்தி நம்ம கையில வாங்கிக்கணும், அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

வாங்கும் விதத்தை அருகில் இருந்து பார்த்தேன். முதலில் உள்ளங்கையால் முடியை எதிர்த்துத் தடவி உண்ணி தேடினார். விரலிடுக்கை விரித்து அட்டை கடித்த காயம் உண்டா என்று பார்த்தார். பிறகு பின்னங்கால். இடக்கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, கீழே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் விட்டு, தோலிலிருந்து நுனிவரை கம்பிப் பிரஷால் வாரினார். தோல் வெள்ளையாக வகிடு போலத் தெரிந்த பிறகுதான் அடுத்த விரலகலம். நாம் செய்வதுபோல முதுகில் மேலாக இழுப்பதே இல்லை. அப்படி இழுத்தால் மேல்முடி பளபளக்கும். அடியில் கம்பளி சிக்கிக்கொண்டு, இந்த ஊர் ஈரத்தில் புழுங்கிப் புண்ணாகும்.

"தேயிலைக் கொழுந்து எடுக்கிற மாதிரிதான். நிரை விடக்கூடாது."

காதுக்குப் பின்னால் ஒரு சடை இருந்தது. கத்திரி எடுக்கவில்லை. சடையோடு தோலும் மேலே இழுபட்டு வருமாம், வெட்டினால் ரத்தம்தான். சோளமாவு தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து அடி நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சீப்பை விட்டார். சடையோடு குளிப்பாட்டினால் அது இறுகிவிடும் என்பதால் வாருவது முதலில், தண்ணீர் பிறகு. குளிப்பாட்டியதை நான் பார்க்கவில்லை. குளிருக்குப் பிளேன்டி குடிக்கக் குசினிப் பக்கம் போய்விட்டேன்.

வாரும்போதெல்லாம் என் கண் அந்தச் சீப்பிலேயே இருந்தது. கனத்த பித்தளை, அகலப் பல், இரண்டு பல் இல்லை. குதிரையின் பிடரி வாரும் சீப்பு. அவருடைய அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் குதிரைக்காரர். துரைமார் மோட்டார் சைக்கிளுக்கு மாறியதும் குதிரை போயிற்று, சீப்பு லயத்தில் தங்கிவிட்டது. பன்னிரண்டு வயதில் அண்ணன் பங்களாவில் நாய்ப் பையனாகச் சேர்ந்தார். துரைசாணி வளர்த்தது இரண்டு கோலி நாய். காலையும் மாலையும் வார வேண்டும். கம்பளத்தில் முடி கிடந்தால் அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரை கப்பலேறினார். அண்ணனுடைய அக்கா குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு, கோத்தகிரிக்குப் போனது. கோலிகள் கண்டியில் ஒரு வீட்டுக்குப் போயின, வம்சாவளிப் பத்திரத்தோடு. "அதுகளுக்கு அப்பன், பாட்டன் பேரெல்லாம் பத்திரத்துல இருந்திச்சு. எனக்கு 2003 சட்டம் வந்த பொறகுதான் இந்த நாட்டு ஆளுன்னு ஒரு காயிதம் கெடச்சிச்சு." சொல்லிவிட்டு நாயின் வாலைத் தூக்கி, அங்கே ஒரு நிரை தொடங்கினார்.

இப்போது அவருக்கு வேலை தருவது நகரத்தில் உள்ள ஒரு செல்லப்பிராணிக் கடை. ஒரு நாய்க்கு அவர்கள் வாங்கிய தொகை அப்போது தோட்டத்தில் இரண்டு நாள் பேருக்கு மேல். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்பதை வைத்துச் சொல்கிறேன். கடை வாங்குவதில் பாதிகூட அண்ணன் கைக்கு வருவதில்லை. சீப்பு அவருடையது, முதுகுவலி அவருடையது, கடி வாங்குவதும் அவர். கடையுடையது ஒரு தொலைபேசி எண். அந்தக் காலத்தில் கங்காணி ஆளுக்கு ஆள் தலைக்காசு வாங்கினான். இன்று நாய்த்தலைக்கு வாங்குகிறார்கள். நுவரெலியாவுக்குச் சொகுசு தேடி வரும் நம்மில் எத்தனை பேர் வேலை செய்த கையைக் கேட்டுக் காசு கொடுக்கிறோம்? நான் இப்படிப் பொரிந்துகொண்டிருக்க, அண்ணன் குறுக்கிட்டார். "சத்தம் போடாதீங்க தம்பி, நாய் முழிச்சிக்கும்."

சாக்கில் சேர்ந்த கம்பளி ஒரு தலையணைக்குக் காணும். ஆனாலும் நாய் மெலிந்ததாகத் தெரியவில்லை.

வீடு திரும்பி நானும் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு பின்னங்கால்தான் முடிந்தது. ஒரு வாரம் விடாமல் வாரினேன். சோற்றில் முடி குறைந்தது, நிற்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"காதுக்குப் பின்னாடி பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.