வாலாஜாபாத்தில் ஒரு ஓம் கணக்கு

ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வேன் ஓட்டும் நண்பர்தான் அந்த ஆடியோ ஒயரிங் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். வேனில் பாட்டை ஏற்றி வைத்தால் சற்று நேரத்தில் ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரியும், சத்தம் நின்றுபோகும். விற்ற கடையில் வேறு ஆம்ப் வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே இருந்தவருக்கு அய்யம்பேட்டை, நெசவுக் குடும்பம். "அப்பாவுக்குத் தறி, எனக்கு ஒயர்" என்று சொல்லி வாழ்க்கைக் கதையை அதோடு முடித்துக்கொண்டார். நான் நோட்டைத் திறந்தது வீண்.

மல்டிமீட்டரை எடுத்ததும்தான் பேச்சு வந்தது. முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தார். 0.3 காட்டியது. அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை, கழித்துவிட வேண்டும். பிறகு சப் ஊஃபரின் காயிலில் வைத்தார். 3.8. கழித்தால் 3.5. 4 ஓம் என்று அச்சிட்ட காயில் மீட்டரில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டுமாம்.

ஊஃபர் இரண்டு, ஒவ்வொன்றிலும் 4 ஓம் காயில் இரண்டு. முன்பு ஒயரிங் செய்தவர் நான்கையும் பேரலலில் சேர்த்திருந்தார். மொத்தம் 1 ஓம். ஆம்ப்பின் முதுகிலோ குறைந்தது 2 ஓம் என்று எழுதியிருக்கிறது. ஒரே தொட்டியில் குழாய்களை எல்லாம் திறந்துவிட்ட கதைதான்: தடை குறையக் குறைய கரண்ட் அதிகமாகப் பாய்கிறது, ஆம்ப் சூடாகித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது.

"ரெண்டு ஓம்ல வெச்சுக் குடேன்" என்றார் நண்பர்.

"இந்த ஜோடியில வராதுண்ணா. எல்லாக் காயிலுக்கும் சமமா பவர் போகணும்னா ஒண்ணு, நாலு, பதினாறு, அவ்ளோதான். நாலுல வெக்கிறேன்."

ஒவ்வொரு ஊஃபரின் இரு காயிலையும் சீரியஸில் கோத்தால் 8. அந்த இரண்டு எட்டையும் பேரலலில் சேர்த்தால் 4. அவர் சொன்னது சரி. 2 ஓம் வேண்டுமானால், இரட்டை 2 ஓம் காயில் உள்ள ஊஃபரை வாங்கியிருக்க வேண்டும். அதை விற்கும்போதே யாராவது கேட்டிருக்கலாம்.

பென்சில் பேட்டரியைத் தொட்டுத் தொட்டு இரண்டு கோனும் ஒரே பக்கம் துள்ளுகிறதா என்று பார்த்தார். ஒன்று எதிர்ப்பக்கம் போனால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். பெட்டிக்குப் பஞ்சு வைப்பது, கெயின் திருகுவது எல்லாம் நடந்தது. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

2 ஓமில் கிடைத்திருக்கும் வாட்ஸ் பாதியாகிவிட்டதே என்று நண்பருக்கு வருத்தம். பாதியானால் குறைவது 3 டெசிபல்தான். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் அளவுக்குக் குறைய வேண்டும். அட்டைப்பெட்டியில் 3000 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. ஆம்ப்பில் இருந்ததோ ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸ். 12 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 360 வாட்ஸ். மீதி வாட்ஸை எந்தக் கிணற்றிலிருந்து இறைக்கிறார்கள்? பொய்யை அச்சடிப்பவனுக்கு லாபம், பொருந்தாத ஜோடியைத் தள்ளிவிடுபவனுக்குக் கமிஷன். 'ஃபிட்டிங் இலவசம்' என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். கணக்குத் தெரிந்தவனின் கூலி மட்டும் யாருடைய பில்லிலும் ஏறுவதில்லை.

நண்பர் அங்கிருந்தே விற்ற கடைக்கு ஃபோன் போட்டார். "பொருள்ல ஒண்ணும் இல்ல சார், ஒயரிங் பண்ணவன் சரியில்ல" என்றார்கள்.