ரெண்டு வயசுப் பிள்ளையோடு ஓட்டலுக்குப் போகலாமா?

 

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி மெசஞ்சரில் கேட்டிருந்தாள். "டீச்சர், ரெண்டு வயசுப் பையனை வச்சுக்கிட்டு ஓட்டலுக்கே போக முடியல. தண்ணியத் தட்டி விடுதான், டேபிளுக்கு அடியில போயிருதான், எல்லாரும் எங்களையே பாக்காங்க. இவன் பெரியவனாகுற வரைக்கும் போகவே வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டாங்க."

அவளுக்கு மட்டும் பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதலாமே என்று தோன்றியது. உங்களில் பாதிப் பேர் வீட்டில் இந்த வயசில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பது நீங்கள் போடுகிற போட்டோக்களிலேயே தெரிகிறதே!

முதலில் ஒன்று சொல்கிறேன். சின்னப் பிள்ளை வெளியில் சாப்பிடுவது நமக்கொன்றும் புதிதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் தரையில் பாய் விரித்திருக்கும், பிள்ளை விழ இடமே கிடையாது. உட்கார்ந்ததும் இலை, இலை போட்டதும் அதில் ஏதாவது ஒன்று. தாய் மடியில் இருந்த பிள்ளை சித்தி மடிக்குப் போகும், அங்கிருந்து ஆச்சி மடிக்குப் போகும். காயல்பட்டினம் பக்கம் விசேஷ வீடுகளில் ஒரே சகனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே பிள்ளைக்கு யார் ஊட்டினார்கள் என்று கணக்கே கிடையாது.

அங்கன்வாடியும் அப்படித்தான். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது 2 வயசுப் பிள்ளையிலிருந்தே சோறு போட்டார்கள். ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா, எதிரே வரிசையாகத் தட்டு வைத்துக்கொண்டு பொடிசுகள். எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்த மையத்தில் அதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். சிந்தும், சிதறும், ஆனால் சாப்பிடும்.

அங்கே உட்காருகிற பிள்ளை ஓட்டலில் ஏன் ஆட்டம் போடுகிறது? பிள்ளை மாறவில்லை, இடம்தான் மாறிவிட்டது. ஓட்டலில் மூன்று விஷயம் அதற்கு எதிராக இருக்கிறது: உயரம், சூடு, காத்திருப்பு.

உயரம்: மேஜை நமக்குச் செய்தது, பிள்ளைக்கு மூக்கு வரை நிற்கும். ஆசிரியர் பயிற்சியில் மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் படித்தோம். 1907-இல் ரோமில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் மேஜை நாற்காலியெல்லாம் பிள்ளைகளின் அளவுக்கே செய்யப்பட்டவை. அங்கே பிள்ளைகளே உணவு பரிமாறினார்கள். 1939-இல் அவர் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஓட்டலில் குழந்தை நாற்காலி இருந்தால் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் சுவரோரம் பார்த்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாற்காலியில் கட்டிப்போட்டே வைக்காதீர்கள். இந்த வயசுப் பிள்ளையை ஒரேயடியாக 1 மணி நேரத்துக்கு மேல் அப்படி வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. நடுவில் ஒருவர் வெளியே தூக்கிக்கொண்டு போய் ஒரு நடை நடந்துவிட்டு வரலாம்.

சூடு: சாம்பார், சால்னா, காப்பி மூன்றும் மேஜையின் நடுவில்தான் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று நாம் நினைக்கிறோமோ, அதைவிட ஒரு சாண் கூடவே எட்டும்.

காத்திருப்பு: இதுதான் பெரிய சங்கடம். பசியோடு கால்மணி நேரம் சும்மா இரு என்றால் நாமே இருக்க மாட்டோம். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன் ஒருவன் ஓட்டலில் சப்ளையராக இருக்கிறான். அவன் சொன்னான்: "டீச்சர், கைப்பிள்ளை இருக்குற டேபிளுக்கு மொதல்ல ஒரு இட்லிய வச்சுட்டுத்தான் ஆர்டரே எடுப்பேன். புள்ள அமைதியா இருந்தா கடையே அமைதியா இருக்கும்." நீங்களும் அப்படியே கேளுங்கள். கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்விடுங்கள். நம் மேலப்பாளையம் பஜாரில் மக்ரிபு தொழுகை முடிந்தால் இடம் கிடைக்காது, அதற்கு முன்பே சாப்பிட்டு எழுந்துவிடலாம்.

செல்போனைக் கொடுத்தால் சத்தமே வராதே என்பீர்கள். ஒரு வயசில் அதைப் பார்க்கவே வேண்டாம், 2 வயசில் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதும் அதே நிறுவனத்தின் அறிவுரைதான். என் எண்ணம் என்னவென்றால், ஓட்டலில் பார்க்க இருப்பதை எந்தக் கார்ட்டூனும் காட்டாது. பரோட்டா மாஸ்டர் மாவு வீசுகிறார், சப்ளையர் ஒரே கையில் நாலு தட்டு அடுக்கிக்கொண்டு வருகிறார், பக்கத்து மேஜையில் ஒரு தாத்தா காப்பி ஆற்றுகிறார். "அங்க பாரு, வட்டமா வருது பாரு" என்று சொல்லிக் கொடுங்கள். மனிதர்களோடு உட்காரப் பழகுவதும் படிப்புதான்.

என்ன வாங்கிக் கொடுக்கலாம்? இட்லி, இடியாப்பம், பருப்புச் சாதம் தொந்தரவில்லாதவை. பின் கடைவாய்ப் பல் இரண்டு வயசை ஒட்டித்தான் முளைக்கும் என்பதால் பரோட்டாவைக் கொஞ்சமாகப் பிய்த்து, நன்றாக ஊறவைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். பிரியாணியில் கிராம்பு, ஏலக்காய், பட்டை, எலும்பு எல்லாம் பொறுக்கிய பிறகுதான். முழு நிலக்கடலை கூடவே கூடாது. அல்வா? திருநெல்வேலியில் இருந்துகொண்டு இதை எழுதக் கை நடுங்குகிறது! ஆனாலும் 2 வயசு முடியும் வரை இனிப்பும் உப்பும் மிகுந்த பண்டங்கள் வேண்டாம் என்கிறார்கள்.

ஏதாவது தொண்டையில் சிக்கி, பிள்ளை இருமினால் இருமவிடுங்கள். இருமவும் முடியாமல் மூச்சு முட்டினால், முன்பக்கம் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் 5 முறை தட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவரை உடனே 108-க்குப் பேசச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவாதீர்கள். மீதியைக் குழந்தை டாக்டரிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த ஓட்டலிலும் பிள்ளையோடு வந்த குடும்பத்தைக் கவனியுங்கள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் ஒரு தட்டு மட்டும் அப்படியே இருக்கும். ஆறிப்போன தோசை. அது தாயின் தட்டு. வீட்டில் மூன்று வேளையும் ஆறினதைச் சாப்பிடுகிறவள், காசு கொடுத்துச் சாப்பிட வந்த இடத்திலும் அதையேதான் சாப்பிடுகிறாள். "பெரியவனாகுற வரைக்கும் போக வேண்டாம்" என்றால் அப்பா நண்பர்களோடு போய்விடுவார், வீட்டில் அடைபடுகிறவள் அவள்தான்.

பந்தியில் பத்து மடி இருந்தது, ஓட்டலில் ஒரு மடிதான் இருக்கிறது. பிள்ளையின் குறும்பைவிட இதுதான் பெரிய கஷ்டம்.

ஆகவே என் மாணவர்களுக்கு, முக்கியமாக ஆண் பிள்ளைகளுக்கு, ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை போகும்போது சூடாக வருகிற முதல் தட்டு பிள்ளையின் தாய்க்கு. அவள் சாப்பிட்டு முடிக்கிற வரை பிள்ளை உங்கள் மடியில். மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. எழுந்திருக்கும்போது கீழே சிந்தியதில் பெரியதை ஒரு காகிதத்தில் அள்ளி வைத்துவிடுங்கள். துடைக்கிற அக்காவுக்கும் குனிந்தால் இடுப்பு வலிக்கும்.

ஓட்டல் வைத்திருக்கிற என் பிள்ளைகள் ரெண்டு குழந்தை நாற்காலி வாங்கிப் போடுங்கள். என் வயசுக்காரர்களுக்கும் ஒரு சொல்: பக்கத்து மேஜையில் பிள்ளை அழுதால் திரும்பி முறைக்காதீர்கள். ஒரு சிரிப்பு சிரியுங்கள், முடிந்தால் "இங்க கொடும்மா, நீ சாப்பிடு" என்று கை நீட்டுங்கள். தருவதும் தராததும் அவள் விருப்பம், ஆனால் அந்த வார்த்தையே அவளுக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி.

வீட்டுப்பாடம் செய்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். செய்யாதவர்கள் பெயரை உங்கள் வீட்டுக்காரிகள் எழுதட்டும்!

எல்லாப் பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்