பக்கத்தில் மகன் இருந்தான்

அந்தப் படிவத்தில் நான் உண்மையை எழுதவில்லை. முதல் தடவையும் எழுதவில்லை, மறுபடி கொடுத்தபோதும் எழுதவில்லை.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிற நோய். கண் மங்கியதையும் கால் மரத்துப்போனதையும் யாரிடமும் சொல்லிவிடலாம். சிறுநீரை அடக்க முடியவில்லை என்று சொல்லத்தான் வாய் வராது. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இது வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நான் கணக்கு டீச்சர். காலையில் அரை டம்ளர் காபி குடித்தால், பள்ளி விடும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஈரம் தெரியாத அடர்நிறப் புடவைகள்தான் கட்டுவேன். மாதவிடாய் நின்ற பிறகும் கைப்பையில் நாப்கின் இருக்கும்.

நரம்பியல் பிரிவில் காத்திருந்தபோது ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். வெளிநாட்டில் உருவான சிறுநீர்ப்பைக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, அது நம் நோயாளிகளுக்குச் சரிவருமா என்று சோதிக்கிறாளாம். தமிழ் தெளிவாகவே இருந்தது. அவசரமாகப் போக வேண்டியிருக்கிறதா, போவதற்குள் கசிகிறதா, போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டது. அட்டையை மடியில் வைத்து எழுதினேன். மகன் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தான். அவன் கண் செல்போனில்தான் இருந்தது. இருந்தும் என் பேனா எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்ற கட்டத்துக்கே போனது. இரண்டு வாரம் கழித்து அதே தாளை நிரப்பச் சொன்னபோது முன்பு எழுதியதை நினைவுபடுத்தி, பிசகாமல் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அரையாண்டுத் தேர்வு சமயத்தில் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலை கட்டிலை விட்டு எழ முடியவில்லை, இரண்டு காலும் துவண்டுவிட்டன. நோய் மறுபடி தாக்கிவிட்டது, ஸ்டீராய்டு ஏற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் முதலில் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். கடுமையான தொற்று. உடல் சூடு ஏறினால் பழுதான நரம்புகள் இன்னும் மோசமாக வேலை செய்யும், அதனால் பழைய தொந்தரவுகள் புதிதாகத் தாக்கியதுபோலத் திரும்பும் என்று விளக்கினார். தொற்று இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு ஏற்றியிருந்தால் அது முற்றியிருக்கலாம்.

பிறகு ஸ்கேன் அறை. கழிப்பறை போய்விட்டு வந்து படுத்தேன். அடிவயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவிய பெண், கருவியை அழுத்தித் திரையைப் பார்த்தாள். சற்று நகர்த்தி இன்னொரு தடவை பார்த்தாள். “போயிட்டுத்தானே வந்தீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். “உள்ளே இன்னும் 220 மில்லி இருக்கே. இவ்வளவு நாள் யார்கிட்டயும் சொல்லலையா?”

கேட்டிருந்தார்களே. தமிழில், அச்சடித்து, கையில் பேனாவும் கொடுத்துக் கேட்டிருந்தார்கள். மகன் அன்று பக்கத்தில் இருந்தான், இன்று கதவுக்கு வெளியே நின்றான். நடுவில் இருந்த அத்தனை மாதங்களும் அந்த ‘இல்லை’யால் போனவை.

என் சிறுநீர்ப்பை நினைத்த நேரத்தில் சுருங்குகிறது. அது சுருங்கும்போது திறக்க வேண்டிய தசையோ இறுகிக்கொள்கிறது. அதனால்தான் அவசரமும் கசிவும் ஒரு பக்கம், தேங்கி நிற்பது மறுபக்கம். தண்ணீரைக் குறைத்தது தொற்றுக்கு இன்னும் வழிவிட்டது. இப்போது மெல்லிய குழாயை நானே செருகி வடித்துக்கொள்கிறேன். 1972இல் அமெரிக்காவில் ஜாக் லேபிடஸ் பரவலாக்கிய எளிய முறை இது. முன்பே ஆரம்பித்திருந்தால் அந்தக் காய்ச்சலே வராமல் போயிருக்கலாம்.

மாணவியைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. “உங்க ரெண்டு தாளும் அச்சு அசல் ஒண்ணா இருந்துச்சு மேடம். நம்பகத்தன்மைக் கணக்குல அது நல்ல பதில்” என்றாள், முகம் வாடி. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, 1951இல் லீ கிரான்பாக் எழுதியதிலிருந்து புழங்கும் ஆல்ஃபா என்ற அளவும் உண்டாம். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டவள் அதிலும் தேறிவிடுவாள். கணக்கு டீச்சரான எனக்கு அது உடனே புரிந்தது. ஒரே பொய்யைத் திரும்பச் சொன்னால் அந்தக் கணக்கால் கண்டுபிடிக்க முடியாது. சிறுநீர்ப்பை நாட்குறிப்போ ஸ்கேனோ பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மகனிடமும் சொன்னேன். “இவ்வளவு தூரம் பஸ்ல எப்படிம்மா வந்தே?” என்று மட்டும் கேட்டான்.

இப்படி ஒரு தாள் உங்கள் கைக்கும் வரலாம். கூட வந்தவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு எழுதுங்கள். தாளைக் கொடுப்பவர் நீங்கள் என்றால், அதை நோயாளியின் தலையில் சுமத்தாமல் கூட வந்தவரை நீங்களே வெளியே அனுப்புங்கள்.