ஜூன் மாசமும் விதை வெங்காயமும்

செட்டிகுளம் பக்கம் எங்க ஊர்ல இப்ப வெங்காய நடவு. பக்கத்து வயல்ல எல்லாம் வேலை மும்முரமா நடக்குது. என் வயல்ல அரை ஏக்கர் சும்மா கிடக்கு. கதை இதுதான்.

நான் படிச்சது அரியலூர் பக்கம், அம்மாச்சி ஊர்ல. அரசு உதவி பெறும் சாமியார் பள்ளிக்கூடம். வாத்தியார் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்துடும். அதனால வீட்டுல ஃபீஸுன்னு பேச்சே வந்ததில்லை. பாப்பா படிக்கிறது பெரம்பலூர்ல சிஸ்டருங்க நடத்துற மெட்ரிக் பள்ளி. அங்கே டீச்சர் சம்பளம் நாம கட்டுற ஃபீஸ்லதான். எல்.கே.ஜி. சேர்க்கும்போது 25 சதவீத இலவச சீட்டு கேட்டுப் பார்த்தேன். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சாம்.

டவுன்ல இருக்குறவங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். எங்களுக்கு வெங்காயக் காசு ஆவணியில, மக்காச்சோளம் தையில, பருத்தி மாசியில. பள்ளிக்கூடம் திறக்குறதோ ஜூன்ல. அப்ப கையில பணம் இருக்காது. பட்டறையில விதை வெங்காயம் மட்டும்தான் இருக்கும்.

போன வாரம் பாப்பாவோட புத்தகத்துக்கு அட்டை போடும்போது எங்க வீட்டம்மா டைரியைப் பார்த்துட்டாங்க. ஃபீஸ் கட்டச் சொல்லி எழுதி மூணு நாள் ஆகியிருக்கு. பாப்பா ஒம்போதாவது. "ஏன் தாயி சொல்லலை?"ன்னு கேட்டேன்.

"நடவு முடியட்டும்னு இருந்தேன்ப்பா. சொன்னா விதையை வித்துடுவீங்க."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காலையில பாதி விதையை மண்டிக்கு ஏத்திட்டேன். பிள்ளை எதுக்குப் பயந்துச்சோ அதையேதான் செஞ்சேன்.

வந்த காசு பாதி ஃபீஸுக்குத்தான் ஆச்சு. அதை எடுத்துக்கிட்டு சிஸ்டர்கிட்ட போனேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க நோட்டை எடுத்து, "மீதிக்கு எப்ப காசு வரும்?"னாங்க.

"ஆவணியில சிஸ்டர். விட்டா தை."

"ஆவணின்னா ஆகஸ்டா, செப்டம்பரா?"

"செப்டம்பர்னே போட்டுக்குங்க."

செப்டம்பர், ஜனவரின்னு ரெண்டு தவணையா எழுதிக்கிட்டாங்க. "இதை முதல்லயே வந்து சொல்லியிருக்கலாமே, ஐயா"ன்னாங்க.

சொல்லியிருக்கலாம்தான். எங்க ஊர்ல யாரும் ஆபீஸ் ரூம் வரைக்கும் போய்க் கேட்டதில்லை. நகையை அடகு வைப்போம், விதையை விப்போம், வாயை மட்டும் திறக்க மாட்டோம். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித் தவணை கொடுப்பாங்கன்னு நான் சொல்லலை. ஆனா கேட்டுப் பார்த்துட்டு விதையை வித்திருக்கலாம்.

நாங்க மாரியம்மனைக் கும்பிடுறவங்க. பாப்பா பள்ளிக்கூடத்துல பழகின மாதிரி கண்ணை மூடி ஜெபம் சொல்லிட்டுத்தான் சாப்பிடுவா. நேத்து ஜெபம் கொஞ்சம் நீளமாப் போச்சு. என்னன்னு கேட்டேன்.

"மழைக்குப்பா. அந்த அரை ஏக்கர்ல சோளமாவது போடலாம்ல?"

புரட்டாசியில போடுவோம் தாயின்னேன்.