ஒரே கதவிலக்கம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

நாமக்கல் கடைவீதியில் என் தந்தையாரின் தையல் கடையைத் தேடி வருகிறவர் முதலில் ஒரு ஜெராக்ஸ் கடையைக் காண்பார். அடுத்து மருந்துக் கடை, கைபேசி பழுது பார்க்கும் கடை, தேநீர்க் கடை, பெண்களுக்கான தையல் கடை. இவற்றின் நடுவே இருவர் சேர்ந்து ஏற முடியாத ஒரு மாடிப்படி. ஏறினால் வலப்புறக் கடைசி அறை எங்களுடையது. அந்தக் கட்டிடத்தில் ஏழு கடைகள். ஏழுக்கும் கதவிலக்கம் ஒன்றே. தபால்காரர் ஒருநாளும் தடுமாறியதில்லை. அவருக்கு எங்கள் முகம் தெரியும்.

நாமக்கல் லாரிகளின் ஊர் என்பதை இக்கல்லூரி நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர்களின் காக்கிச் சட்டைதான் எங்கள் வீட்டுச் சோறு. என் கல்லூரிப் படிப்பும் அதுவே. முன்பெல்லாம் பட்டறையில் வண்டியை விட்ட வெளியூர் ஓட்டுநர், டீக்கடையில் விசாரித்து வருவார். இன்று கைபேசியை விசாரிக்கிறார். கைபேசியோ எங்கள் கடையைச் சொல்லவில்லை. கீழே அக்கா நடத்தும் கடையை மட்டுமே சொல்லிற்று.

"நீதான் காலேஜு படிக்கிறயே, அது என்னன்னு பாரு கண்ணு" என்றார் தந்தையார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். பரிட்சைத் தாளைக் கண்டு பயந்ததில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தேன்.

படித்துப் பார்த்தேன். கூகுள் வரைபடம் ஒரு கடையை முன்னே நிறுத்த மூன்றைப் பார்க்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தொலைவு, கடைக்கு உள்ள பெயர். பொதுத் தேடலில் வரைபடத்தோடு ஏழு கடைகள் வரை காட்டிய வழக்கம் 2015 ஆகஸ்டில் மூன்றாகச் சுருங்கியது. ஏழு பேர் அமர்ந்த பெஞ்சில் மூவருக்குத்தான் இடம் என்றால் தள்ளுமுள்ளு வராமல் என்ன செய்யும்? அடுத்த ஆண்டு, 2016 செப்டம்பரில், இன்னொரு மாற்றம் வந்தது. ஒரே முகவரியில் ஒரே வகைத் தொழில் செய்வோர் பலர் இருந்தால், ஒருவரைக் காட்டி மற்றவரை மறைக்கும் சல்லடை அப்போது இறுகியது. அத்துறையினர் அதற்குப் 'போஸம்' என்று பெயரிட்டார்கள். போஸம், ஆபத்து வந்தால் செத்ததுபோல் கிடக்கும் ஒரு விலங்கு. மறைந்த கடையும் அப்படித்தான், சாகவில்லை. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எழுந்து வருகிறது. நான் பெரிதாக்கினேன். எங்கள் கடை எழுந்து வந்தது! ஆனால் எந்த ஓட்டுநர் அவ்வளவு பெரிதாக்கிப் பார்ப்பார்?

கணித மாணவன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கதவிலக்கம் இல்லாத இடத்துக்கும் முகவரி தருவதற்காகக் கூகுள் 'பிளஸ் குறி' என்றொன்றை வைத்திருக்கிறது. ஒரு பாகையை 8000 பங்காக்கினால் வரும் கட்டம் அது. ஏறத்தாழ 14 மீட்டர் சதுரம். அதற்கு நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை. அதைப் பொறுத்தவரை எங்கள் மாடிப்படி என்ற ஒன்றே உலகில் இல்லை.

இதுவரை அறிவு. இனி நான் செய்தது.

அக்காவின் கடையை வரைபடத்தில் சேர்த்தவர் யாரோ வாடிக்கையாளர். அக்கா அதை உரிமை கோரிச் சரிபார்க்கவில்லை. எங்கள் கடைக்கு நான் போன மாதம்தான் பதிவு செய்திருந்தேன். அவர் கடைக்கு நாற்பதுக்கு மேல் மதிப்புரைகள். எங்களுக்கு மூன்று, அதில் ஒன்று என் நண்பன் எழுதியது. 'திருத்தம் தெரிவிக்க' என்று ஓரிடம் இருக்கிறது. அதைத் தொட்டால், 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றும் தெரிவிக்கலாம். இரவு பதினொரு மணி. தந்தையார் பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தொட்டுவிட்டேன்.

மறுநாளே எங்கள் கடை மேலே வந்தது. மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆள் வரவில்லை. நான்கு நாட்களில் ஒரே ஒரு காக்கிச் சட்டை; அதுவும் பழைய வாடிக்கை.

ஐந்தாம் நாள் அக்கா மாடியேறி வந்தார். "அண்ணா, தம்பி இருக்கானுங்களா? என்ர கடைய மூடிட்டதா போனுல காட்டுதாமா. ரெண்டு பேரு போன் பண்ணிக் கேட்டுப்போட்டாங்க. கண்ணு, படிச்ச புள்ள நீதான் பாத்துச் சொல்லோணும்."

கைபேசியை வாங்கிய என் கை நடுங்கிற்று. அவர் தந்தையாரிடம் தொடர்ந்து பேசினார்: "நாலு நாளா டிரைவருங்களும் வாரதில்லீங்கண்ணா. போனப் பாத்துட்டு என்ர கடைக்கு வாரவங்களத்தான நான் மேல அனுப்பி வுடுவேன்."

அப்போதுதான் விளங்கிற்று. அக்கா ரவிக்கையும் சுடிதாரும் மட்டுமே தைக்கிறவர். வரைபடம் பார்த்துத் தவறாக அவரிடம் வந்த ஓட்டுநர்களை எல்லாம் இத்தனை நாளும் படி காட்டி அனுப்பியவர் அவர்தான். வரைபடத்தில் இல்லாத மாடிப்படி அக்காவின் வாயில் இருந்தது. அதை நான் மூடிவிட்டேன்.

அன்று மாலையே அவர் கடைக்கு உரிமை கோரினோம். சரிபார்ப்புக்கு ஒரே ஓட்டமாக நிகழ்படம் எடுக்க வேண்டும்: தெரு, பெயர்ப்பலகை, சாவி போட்டுக் கடையைத் திறப்பது. அக்கா திரையின் முன் புடவை மாற்றி வந்து வெட்கப்பட்டார். மூன்று முறை எடுத்தோம். 'மூடப்பட்டது' நீங்கியது. பிறகு அவருடைய வகையைத் 'தையல்காரர்' என்பதிலிருந்து பெண்கள் உடை தைப்பவர் என்று மாற்றினோம். அவர் செய்வதும் அதுதானே. எங்கள் முகவரியில் 'மாடி, கடைசி அறை' என்று சேர்த்தேன். அதனால் வரிசை உயராது, வருகிறவர் படியேறுவார். சிலர் சொன்னபடி கடைப் பெயரோடு 'சிறந்த', 'மலிவான' என்றெல்லாம் ஒட்டவில்லை; பலகையில் உள்ள பெயரே இருக்க வேண்டும் என்பது விதி. மதிப்புரை கேட்கலாம், அதற்குக் காசோ தள்ளுபடியோ தரக்கூடாது என்பதும் விதி. சட்டை வாங்கிப் போகிறவர்களிடம் தந்தையார் கேட்கிறார், அதுவும் கூச்சத்தோடு.

இப்போது ரவிக்கை என்று தேடினால் அக்கா; காக்கி என்று தேடினால் பெரும்பாலும் நாங்கள். வெறுமனே தையல் கடை என்று தேடினால் ஒருநாள் அவர், ஒருநாள் நாங்கள். ஆடி மாதத்தில் இருவருமே சும்மாதான் இருந்தோம்.

யார் மூடியது என்று அக்கா கேட்கவில்லை. "ஏதோ மிஷினு தப்பு" என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் ஆம் என்றேன். தந்தையார் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தைக்கத் தொடங்கினார்.

அக்காவின் மகள் இவ்வாண்டு நம் கல்லூரியில் முதலாம் ஆண்டு தமிழில் சேர்ந்திருக்கிறாள். ஆண்டு மலர் எல்லோருக்கும் கிடைக்கும். அவள் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் நான் கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிட வேண்டும்.