திருகை

2023 மே மாதம், விடைத்தாள் திருத்தும் பணி முடிந்த கையோடு, நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவின் மறைவுக்குப் பிறகு அம்மா அங்கேதான் இருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் இரவு, சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில், சமையலறைத் தொட்டியின் அடியிலிருந்து ஓர் உறுமல் மட்டும் வந்தது. தண்ணீர் இறங்கவில்லை. அண்ணன் சுவரிலிருந்த சுவிட்சை நான்கைந்து முறை போட்டுப் போட்டு அணைத்தார். சற்று நேரத்தில் அந்த உறுமலும் நின்றுபோயிற்று.

"மோட்டார் போச்சு" என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "முருங்கைக்காய்ச் சக்கையை இதுல போடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். நானும் அண்ணனைப் பார்த்து, ஆமோதிப்பதுபோல் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் பலருக்கு இந்தக் கருவி பழக்கமில்லை என்பதால் சில சொற்கள். 'கார்பேஜ் டிஸ்போசல்' என்பது தொட்டியின் வடிகாலுக்கு நேர் கீழே, சிறு குடத்தின் அளவில் தொங்கும் ஓர் இயந்திரம். தட்டில் மிஞ்சியதை உள்ளே தள்ளி, குழாயைத் திறந்துவிட்டு, சுவிட்சைப் போட்டால் கூழாக அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக்கலைஞர் 1927இல் இதை உருவாக்கினார். 1935இல் காப்புரிமை பெற்றார். பழைய சாக்கடைகள் தாங்காது என்ற அச்சத்தில் நியூ யார்க் நகரின் பெரும்பகுதியில் இதற்குத் தடை இருந்தது. 1997இல்தான் அது நீங்கியது. மற்றபடி, அமெரிக்கச் சமையலறைகளில் இது வெகு சாதாரணமான பொருள். நார் மிகுந்த கழிவையும் ஊறி உப்பும் சோற்றையும் இதில் கொட்டக்கூடாது என்பது விதி. அந்த அளவில் அண்ணன் சொன்னதில் பிழையில்லை.

ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். நோயின் காரணத்தை ஆராயாமல் சிகிச்சையில் இறங்கலாகாது என்று எத்தனை மாணவர்களிடம் விரித்துரைத்திருப்பேன்! இங்கோ, தொட்டிக்கு அடியில் குனிந்துகூடப் பாராமல் நோயும் தீர்மானமாகிவிட்டது, குற்றவாளியும் தீர்மானமாகிவிட்டது. அதற்கு நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அண்ணன் வேலைக்குப் போன பிறகு, அண்ணி இழுப்பறையிலிருந்து அந்த இயந்திரத்தின் கையேட்டைத் தேடி எடுத்துத் தந்தார். படிக்கப் படிக்க, அது பழைய வைத்திய நூலைப்போல் குறி பார்த்துச் சொல்வதாகவே எனக்குத் தோன்றியது. உறுமினால், மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. ஓசையே இல்லையென்றால், மின்சாரம் வரவில்லை, அல்லது உள்ளிருக்கும் காப்பு தானாக மின்னோட்டத்தைத் துண்டித்திருக்கிறது. நன்றாகச் சுழன்றும் தண்ணீர் தேங்கினால், கோளாறு கீழே வளைந்து செல்லும் குழாயில். அடிப்பாகத்திலிருந்தே நீர் கசிந்தால், உள்ளடைப்பு தேய்ந்துவிட்டது; மாற்றுவதே வழி.

எங்களுடையது முதலில் உறுமியது, பிறகு அடங்கியது. அதாவது, சிக்கிக்கொண்ட மோட்டாரை அண்ணன் மீண்டும் மீண்டும் முடுக்கியதில் அது சூடேறி, எரிந்துபோகாமலிருக்கத் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருந்தது. அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மோட்டார் போகவில்லை.

கீழிருந்த பிளக்கை முதலில் பிடுங்கினேன். எக்காரணம் கொண்டும் உள்ளே கைவிடக்கூடாது என்று கையேடு படம் போட்டு எச்சரித்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, நான் எதிர்பார்த்த கத்திகள் அங்கே இல்லை. ஒரு வட்டத் தட்டு; அதன்மேல் அசைந்தாடும் இரண்டு உலோகத் துண்டுகள்; சுற்றிலும் பற்களும் துளைகளும் கொண்ட அசையாத வளையம். தட்டு நிமிடத்துக்கு 1,700 சுற்றுகளுக்கு மேல் சுழலும்போது, கழிவு வளையத்தின்மீது வீசப்பட்டு அரைபடுகிறது.

அம்மா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "என்னப்பா இருக்கு உள்ளே?" என்றாள். முந்தைய இரவுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. நான் கண்டதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒண்ணு சுத்துது, ஒண்ணு சும்மா இருக்கு. அப்போ திருகைன்னு சொல்லு" என்றாள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு திருகை இருந்தது. அதில் அம்மா உளுந்து உடைத்துப் பார்த்திருக்கிறேன். இந்த இயந்திரத்தை ஆறு ஆண்டுகளாகப் புழங்கி வந்தவளுக்கு, அதன் உள்ளே இருப்பது என்னவென்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இயந்திரத்தின் அடிமையத்திலுள்ள துளையில் அறுகோணச் சாவியைச் செருகி, பலம்கொண்ட மட்டும் திருகினேன். அசையவில்லை. வியர்த்ததுதான் மிச்சம்.

"முன்னாடியே சுத்திக்கிட்டிருந்தா இன்னும் இறுகும். திருகையில கல்லு மாட்டினா பின்னாடி ஒரு சுத்து சுத்துவோம்" என்றாள் அம்மா.

கையேட்டிலும் இருபுறமும் திருப்பச் சொல்லித்தான் எழுதியிருந்தது. நான்தான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். பின்னோக்கித் திருப்பினேன். 'டக்' என்று ஏதோ விடுபட்டது. இடுக்கியால் துழாவியபோது முதலில் நைந்த முருங்கைச் சக்கை வந்தது. அதற்கும் கீழே, வளையத்தோரம், விளிம்பு நசுங்கிய ஒரு சென்ட் காசு கிடந்தது. யாருடைய சட்டைப்பையிலிருந்து, எப்போது விழுந்ததோ!

பிளக்கைச் செருகி, சிவப்புப் பொத்தானை அழுத்தி, குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டு, சுவிட்சைப் போட்டேன். ஓடியது.

"காசுதாம்மா மாட்டியிருந்தது. உன் சக்கை இல்லை" என்றேன்.

"சக்கையும் இருந்துச்சுல்ல" என்றாள் அம்மா. நான் நீட்டிய விடுதலைப் பத்திரத்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தலையாட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எங்கள் வீட்டில் அதற்கு வழக்கமான சொல் கிடையாது. "திருகை யோசனை நல்லா வேலை செஞ்சுதும்மா" என்று மட்டும் சொன்னேன். லேசாகச் சிரித்தாள்.

மாலையில் அண்ணன் வந்தபோது காசு மேசைமேல் இருந்தது. நடந்ததை அண்ணி சொன்னார். அண்ணன் காசை எடுத்து நசுங்கிய விளிம்பைக் கட்டைவிரலால் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு முருங்கைக்காய் சாம்பார் வையேம்மா" என்றார்.

அம்மா வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் எல்லார் தட்டிலும் இருந்த சக்கைகளை அண்ணனே திரட்டி ஒரு காகிதப் பையில் போட்டார். அம்மா குழாயைத் திறந்துவிட்டு, சுவிட்சைப் போடும்படி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.